ஜூலைக்குப் போன நவம்பர்

"ஒரு தேதி. ஒரே ஒரு தேதி. வருஷத்துக்கு ஒரு தடவை. அதைக்கூட ஒழுங்காப் போடத் தெரியல உனக்கு" என்று தனிஸ்லாஸ் மூன்றாவது தடவையாகச் சொன்னார். முதல் தடவை கத்தினார், இரண்டாவது தடவை குரல் கம்மியது, இந்தத் தடவை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் வந்தது. இமெல்டா சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் ஏழு பதினொண்ணுன்னுதான் போட்டேன். ஏழாம் தேதி, பதினொண்ணாம் மாசம். அது ஜூலை பதினொண்ணுன்னு எடுத்துக்கிட்டா நான் என்ன செய்யறது, போனுக்குள்ள கையை விட்டு அதோட காதைத் திருகவா?" "பார்த்திருக்கலாமே." "நீங்க பார்த்திருக்கலாமே. வாட்ஸப்புல வர்ற அத்தனை குட்மார்னிங்கும் பார்க்கறீங்க." அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார், ஒரு பொத்தானை மாற்றிப் போட்டு அவிழ்த்து மறுபடி போட்டார். மணி ஐந்து பத்து. ஆறு மணிக்குப் பூசை. கோவில் பங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டு, இன்றைக்கு ஆறு மணிப் பூசைதானே, இறந்தவர்கள் பட்டியலில் எங்கள் மகள் பெயர் இருக்கிறதல்லவா என்று வழக்கம்போல அவர்தான் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் இருக்கும் விண்ணரசி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அங்கிள், அந்தக் கருத்து ஜூலை பதினொண்ணாம் தேதியே ஒப்புக்கொடுத்தாச்சு, பச்சை டிக் காட்டுது என்றிருக்கிறாள். பச்சை டிக். இமெல்டாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட முழுசாக வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல, வருகிறதா என்று தொட்டுப் பார்த்தாள், விரலுக்குத்தான் உதடு தெரிந்தது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. ஒவ்வொரு நவம்பரும் இப்படித்தான். அவர் அழுவார், இவள் அவருக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுப்பாள், போன வருஷம் கொடுத்தது இஸ்திரி போடாதது என்று அதற்கும் ஒரு முகச்சுளிப்பு வாங்கினாள்.

இந்த போன் மகன் கெவின் அனுப்பியது. நியூ ஜெர்சியில் ஆறு மாதம் அவன் வைத்திருந்துவிட்டு, புதுசு வாங்கியதும் அம்மாவுக்கென்று யாரோ நண்பனிடம் கொடுத்தனுப்பினான். பெரம்பூருக்கு வந்து ஒன்றரை வருஷமாகியும் அது இன்னும் ஜெர்சியிலேயே குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, காலையில் வெயில் கொளுத்தும்போது குளிர் எவ்வளவு என்று சொல்கிறது, அதுவும் அந்த ஊர்க் கணக்கில். போன மாதம் இதைச் சொன்னபோது, அம்மா, செட்டிங்ஸ்ல ரீஜன் மாத்தணும், அங்கெல்லாம் மாசத்தை முதல்ல போடுவாங்க என்று சிரித்தான். மாசத்தை முதலில் போடுவார்களாம். இன்னும் என்னென்ன முதலில் போடுவார்களோ. ஐந்தாம் வகுப்பில் பெர்னடிட் சிஸ்டர் நோட்டின் வலது மூலையில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, தேதி, மாதம், வருஷம் என்று எழுதாதவளை வெயிலில் நிறுத்துவாள், நாற்பது வருஷமாக அந்த வெயில் முதுகில் இருக்கிறது, அப்படியிருக்க இமெல்டா மாற்றி எழுதுவாளா. ஜூன் மாதம் புது பங்குத்தந்தை வந்து, இனிமேல் நோட்டுப் புத்தகம் கிடையாது, வருஷத்துக்கு வேண்டிய பூசைக் கருத்தையெல்லாம், எந்த நாள் யாருக்காகப் பூசை என்பதை, ஆப்பிலேயே பதியுங்கள் என்று கோவில் வாசலில் கட்டம் கட்டமாக ஒரு படத்தை ஒட்டினார். இதே மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டே பதிந்தாள். அம்மாவுக்கு 19-2 என்று போட்டாள், அதுவாகவே பிப்ரவரி 19 என்று விரித்துக்கொண்டது. மாமனாருக்கு 23-4, ஏப்ரல் 23. மாமியாருக்கு 30-8, ஆகஸ்ட் 30. பரவாயில்லையே, புத்தியுள்ள பிள்ளை என்றுகூட நினைத்தாள். இப்போதுதான் உறைக்கிறது, பத்தொன்பதாவது மாதம் என்று ஒன்று இல்லை, முப்பதாவது மாதம் இல்லை, அதனால் வேறு வழியில்லாமல் ஒழுங்காக இருந்திருக்கிறது. வழி கிடைத்தது நாலாவதில். 7-11. சாம்பல் எழுத்தில் ஏதோ விரிந்தது, பட்டாணியில் ஒரு புழு இருந்தது, புழுவைப் பார்த்தாளா எழுத்தைப் பார்த்தாளா, புழுவைத்தான் பார்த்தாள், சரி என்று அழுத்திவிட்டாள். தெரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே. அம்மா, நீங்கள் சொல்வது நவம்பரா ஜூலையா என்று ஒரு வரி. வீட்டு வேலைக்கு வருகிற செண்பகம்கூட, அக்கா, உளுந்தா பாசிப்பருப்பா என்று டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஊற வைக்கிறாள். இமெல்டா இப்போது ஆப்பைத் திறந்து மறுபடி பதியப் பார்த்தாள், இந்தத் தடவை நவம்பர் என்று எழுத்தாகவே அடித்தாள். நவம்பர் ஆன்மாக்களின் மாதம், அத்தனை வீட்டுக்காரர்களும் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், இன்றைய பூசைக்கு இடம் நிறைந்துவிட்டது என்று சிவப்பில் வந்தது. கீழே ஒரு வட்டத்துக்குள் சிரித்த மூஞ்சி, நான் உதவட்டுமா என்றது. தேதி தவறாகப் பதிவாகிவிட்டது, இன்றைக்கே வேண்டும் என்று அடித்தாள். நீங்கள் பிறந்தநாள் நன்றித் திருப்பலி பதிய விரும்புகிறீர்களா, வாழ்த்துகள் என்றது. பிறந்தநாள்தான், அதிலும் தப்பில்லை, பிறந்ததும் இன்றைக்குத்தான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கிளம்பு, நேர்ல போய்க் கேட்போம்" என்றார் தனிஸ்லாஸ். அவள் புடவையை எடுத்தாள், அவர், "அந்தப் பச்சை வேணாம், நீ அந்த நீலத்தைத்தானே தேடுற" என்றார், அவள் பச்சையைத்தான் எடுத்திருந்தாள், பச்சையைத்தான் கட்டினாள். ஓட்டலுக்குப் போனாலும் இப்படித்தான், சர்வர் இவள் பக்கம் திரும்புவதற்குள், அவங்களுக்கு ரவா தோசை. இருபத்தெட்டு வருஷமாக ரவா தோசை. கொசுவம் வைக்கும்போது விரல்கள் தாமாக மடித்தன, தலைக்குள் ஜூலை பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்ன கிழமை. காலண்டரைப் புரட்டினாள், அதுவும் வியாழன்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தாள். பால் பாக்கெட் கிழிந்து ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்தது ஜூலையிலா ஆகஸ்டிலா. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவன் கையை இறுக்கிவிட்டான் என்று சண்டை போட்டது அந்த வாரம்தான், ஆனால் அது புதன்கிழமையாக இருக்க வேண்டும், வியாழன் அவன் கடை கிடையாது. அப்படியென்றால் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். வீட்டில் இருந்தாள் என்றால் கேட்டிருக்க வேண்டுமே. கோவில் ஒலிபெருக்கி இந்தத் தெரு முனை வரைக்கும் கேட்கும், பூசைக்கு முன்னால் விண்ணரசி பெயர்களை வாசிப்பது அடுப்படி ஜன்னல் வழியாக, வாசகம் புரியாவிட்டாலும் பெயர் புரிகிற அளவுக்கு, தினமும் வருகிறது. யார் யாருடைய செத்த மாமனார் பெயரெல்லாமோ வெங்காயம் நறுக்கும்போது காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு இவள் பிள்ளையின் பெயர் அந்த ஜன்னல் வழியாக வந்திருக்கிறது. வந்தபோது மிக்சி ஓடியிருக்கும். தேங்காய்ச் சட்னியாக இருக்கும், இல்லை மிளகாய்ப் பொடி. ஜன்னல்வரை வந்து நின்றுவிட்டு, மிக்சிச் சத்தத்தில் யாரும் ஏனென்று கேட்காததால் திரும்பிப் போயிருக்கும். அன்று ராத்திரியோ மறுநாளோ போனில் ஒரு செய்தி வந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது, உங்கள் கருத்து நிறைவேறியது என்று, கூடவே கைகூப்பிய படம். கேஸ் கம்பெனிக்காரனோ கூரியர்காரனோ என்று நினைத்து விரலால் ஒதுக்கித் தள்ளினாள். விரலால். அந்த விரலைப் பார்த்தாள், ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது, நகத்தை வெட்ட வேண்டும். தனிஸ்லாஸிடம் அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் நாலாவது தடவையாக அந்த வாக்கியம் வரும்.

தூறல். அவர் குடையோடு முன்னால் போனார், இவள் தன் குடையோடு பின்னால், இரண்டு குடைக்கும் நடுவில் ஓர் ஆட்டோ புகுந்து போகிற இடைவெளி. தோண்டிப் போட்ட பள்ளத்தில் தண்ணீர் நின்றது. இத்தனைக்கும் அந்தப் பெயர் வேறெங்கே இருக்கிறது என்று யோசித்தபடி நடந்தாள். மாநகராட்சிச் சான்றிதழில் பெண் குழந்தை என்றுதான் இருக்கிறது, பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. கல்லறைத் தோட்டத்தில் கைக்குழந்தைகளை வைக்கிற மூலைக்குக் கல் கிடையாது, இடம் போதாது, சில வருஷம் போனால் அதே மண்ணில் இன்னொன்றை வைப்பார்கள். கெவின் பின்னால் பிறந்தவன், அக்கா ஒருத்தி இருந்தாள் என்று தெரியும், பெயரைச் சொல் என்றால் யோசிப்பான். தனிஸ்லாஸ் பாப்பா என்பார், இல்லாவிட்டால் அவ என்பார், ஒருநாளும் பெயரைச் சொன்னதில்லை. மரியா அனெட். வயிற்றில் ஏழாவது மாதம் இருக்கும்போதே இமெல்டா வைத்த பெயர். வருஷத்தில் ஒரு சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஒரு தடவை, ஒன்றரை வினாடி, அவ்வளவுதான் அந்தப் பெயருக்கு வாழ்வு. முன்பிருந்த வயதான சாமியார் ஒரு தடவை, ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு இளைப்பாற்றிப் பூசை எதுக்கும்மா, அது நேரா மோட்சத்துக்குப் போன சம்மனசு, தேவதூதர் மாதிரி, இல்லையா என்று கேட்டார். சம்மனசா இருந்தாலும் பேர் இருக்குல்ல ஃபாதர் என்றாள் இவள். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள், முழு மயக்கம். குழந்தை ஒன்பது மணி நேரம் உயிரோடு இருந்ததாம். மருத்துவமனைக் கன்னியாஸ்திரீ குழாய்த் தண்ணீரை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாராம். இவள் கண் விழித்தபோது மறுநாள் சாயங்காலம், வாயெல்லாம் கசப்பு, மார்பு கனத்தது, தனிஸ்லாஸ் வெள்ளைச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், செருப்பு ஓரத்தில் செம்மண். குழந்தையைக் கொண்டு வாங்க என்றாள். மாமியார்தான் பேசினார், நீ பார்த்தா தாங்க மாட்டே கண்ணு, அதான் நாங்களே கொண்டுபோய் வச்சிட்டு வந்துட்டோம். தாங்க மாட்டாய் என்று யார் சொன்னது. யாராவது இவளைக் கேட்டார்களா, தட்டி எழுப்பி, இமெல்டா, பார்க்கிறாயா, வேண்டாமா என்று. ஒரு வரி. தனிஸ்லாஸ் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை, நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார், வேறு எதற்கோ போட்ட சண்டையில். அதன்பிறகு அந்தப் பேச்சு கிடையாது. தாங்கியிருப்பாளா. தெரியவில்லை. தாங்காமல் இருந்திருந்தாலும் அது அவளுடைய தாங்காமை. கால் பள்ளத்தில் இறங்கி செருப்புக்குள் தண்ணீர் புகுந்தது, குளிர்ந்தது, குளிர்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

கோவிலில் விளக்குகள் போட்டிருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்து அறை வாசலில் விண்ணரசி தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, அச்சடித்த தாளில் பெயர்களை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், இருபத்தைந்து வயதிருக்கும், ஞாயிறு மறைக்கல்வியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இமெல்டாவிடம் குட்டு வாங்கியவள். "ஆன்ட்டி, அங்கிள் போன்லயே சொன்னார். பத்துப் பேருக்கு மேல வேணாம்னு ஃபாதர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டார். கல்லறைத் திருநாள் அன்னிக்கு ஒருத்தர் பேரைச் சேர்த்துப் படிச்சேன், அடுத்த நாள் பதினாலு பேர் ஆபீஸ் வாசல்ல சண்டைக்கு வந்துட்டாங்க." "பதினொண்ணாவதா ஒரு பேரைப் படிச்சா மைக் வெடிச்சிடுமா?" "அதுல ஏற்கெனவே நிறைவேறியதுன்னு இருக்கு ஆன்ட்டி." "யார் முன்னாடி நிறைவேறுச்சு? நான் அங்க இல்லையே." விண்ணரசி தாளைப் பார்த்தாள். "கடைசில எல்லா ஆன்மாக்களுக்காகவும்னு பொதுவாச் சொல்வேன்ல, அதுல அவங்களும் அடங்கிடுவாங்க ஆன்ட்டி." "உன் கல்யாணப் பத்திரிகையில மணமகள் பேரைப் போடாம, எல்லாப் பொண்ணுங்களும்னு போடட்டுமா? அதுல நீயும் அடங்கிடுவே." அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. தனிஸ்லாஸ், "இமெல்டா, விடு" என்றார், "அவ மனசு கஷ்டப்படுதும்மா, வேற ஒண்ணும் இல்ல, நீ போய்ப் படி" என்று இவளுக்குப் பதிலாக விண்ணரசியிடம் சமாதானம் சொன்னார். மனசு கஷ்டப்படுகிறதாம். கஷ்டப்பட்டால் தேவலையே. பங்குத்தந்தை உள்ளே பூசை உடைக்கு மேல் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார், கண் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்தது, புன்னகைத்தார், இவள் ஆசீர்வாதம் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், தூரத்திலிருந்தே கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். இமெல்டா சிரித்துவிட்டாள். சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது. மணி அடித்தது.

இடது பக்கம் ஐந்தாவது பெஞ்சு. மின்விசிறி ஈரப் புடவையில் பட்டு முதுகு சில்லிட்டது, முன் பெஞ்சுக்காரி மல்லிகை வைத்திருந்தாள், மழையில் நனைந்து பழுத்துப்போன வாசனை. விண்ணரசி மைக் முன்னால் போய் நின்றாள், தொண்டையைச் செருமினாள், அது ஊர் முழுக்கக் கேட்டது. தாளில் அவள் கடைசி நிமிஷத்தில் பேனாவால் எழுதியிருக்கலாம். எழுதியிருக்க மாட்டாள், மணமகள் என்று குத்திக் காட்டினால் எவள் எழுதுவாள், இந்த நாக்கு இருக்கிறதே. எழுதியிருக்கலாம், நல்ல பெண். இன்றைய திருப்பலி என்று ஆரம்பித்தாள். இறந்த சவேரியாரம்மாள், இறந்த பிரான்சிஸ், இமெல்டா விரல் கணுக்களில் எண்ணினாள், இறந்த மதலைமுத்து, இறந்த ஜான் பீட்டர், தனிஸ்லாஸ் இப்போதே கண்ணைத் துடைக்க ஆரம்பித்திருந்தார், பெயர் வருவதற்கு முன்னாலேயே, வராத பெயருக்கு, கைக்குட்டை எடுத்துக் கொடுக்க இவள் கை பைக்குள் போகவில்லை, ஆறு, ஏழு, ஏழாவதாக யாரோ ஒரு ரீட்டா, வீட்டில் அடுப்படி ஜன்னல் திறந்திருக்கிறது, அங்கே இப்போது இதெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும், கேட்க ஆளில்லாத அடுப்படியில் பாத்திரங்களுக்கு நடுவில், எட்டு, ஒன்பது. பத்து. ஒரு மூச்சு இடைவெளி. இமெல்டா கணுவிலிருந்து விரலை எடுக்கவில்லை. மற்றும் உத்தரிக்கும் ஸ்தலத்தில் உள்ள அனைத்து ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காகவும், என்றாள் விண்ணரசி. தாளை மடித்தாள். உத்தரிக்கும் ஸ்தலத்தில், மோட்சத்துக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிற இடத்தில், அவள் இல்லவே இல்லை, நேராக மோட்சத்துக்குப் போனவள், அந்தப் பொதுவிலும் அவள் அடங்கவில்லை, ஒரு பட்டியலிலும் இல்லை, இந்த ஊரில் அவளைப் பார்த்த ஆள் மாமியாரும் போனபிறகு ஒரே ஒருவர்தான் மிச்சம், அவர் இந்தப் பெஞ்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார், நாளைக்கு அவருக்கும் ஒரு சர்க்கரை, ஒரு மாரடைப்பு என்று வந்துவிட்டால். இருபத்தாறு வருஷமாக ஏன் கேட்கவில்லை. கேட்டால் தாங்க மாட்டார் என்று நினைத்தாள். நினைத்தாளா. ஆமாம், இவளும்தான் நினைத்தாள், அவரைக் கேட்காமல். பாடகர் குழு வருகைப் பாட்டுக்கு ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தது, எல்லாரும் எழுந்து நின்றார்கள், பெஞ்சுகள் கிறீச்சிட்டன. இமெல்டா எழுந்திருக்கவில்லை. அவருடைய முழங்கைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார், "என்ன, தண்ணி வேணுமா, மயக்கமா வருதா?" என்றார். "இல்ல" என்றாள். "அனெட்டுக்கு முடி இருந்துச்சா? மூஞ்சி யாரை மாதிரி இருந்துச்சு? நீங்க பார்த்தீங்கல்ல, சொல்லுங்க." பாட்டு ஆரம்பித்தது. அவர் நிமிர்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார், பக்கங்களைப் புரட்டினார், பாட்டு முதல் சரணத்தைத் தாண்டிப் போன பிறகும் புரட்டிக்கொண்டே இருந்தார். "சொல்லுங்க" என்றாள்.